இரண்டரைச் சுற்று ஏறிய ஸ்குரூ: ஒரு மடக்குக் கத்திக்கு மாற்று ஆணி தேடிய நிகழ்வு ஆய்வு

பொங்கலன்று கரும்பின் கணுவைச் சீவிக்கொண்டிருந்தபோதுதான் பிடி ஆடுவது கைக்குத் தெரிந்தது. கத்தியைத் திருப்பிப் பார்த்தால், பிடியின் ஒரு பக்கத்தில் மூன்று ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது எப்போது கழன்று எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. வாசலில் கோலத்துக்கு நடுவே தேடினேன். அரிசிமாவில் இரண்டு மில்லிமீட்டர் எஃகைத் தேடுகிறவனைப் பார்த்து, "உங்களுக்குத்தான் மரை கழன்றிருக்கிறது" என்றாள் மனைவி.

கத்தி என் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பதினைந்து வருடமாக வாழையிலை அறுக்க, மாங்காய் கீற, பார்சல் பிரிக்க என்று வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வகைக் கத்தி இப்போது தயாரிப்பில் இல்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, கத்தியை முழுதாக அனுப்பிவைத்தால் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. சென்னையிலிருந்து அனுப்பிப் பெறும் செலவில் புதுக் கத்தியே வாங்கிவிடலாம். ஆக, ஆணியை நானே தேட வேண்டும். தேடி முடிக்க நாலு மாதம் ஆயிற்று. அளவெடுக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு வாரத்து வேலை. மீதி நாட்கள் எதில் போயின என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கத்தியின் அமைப்பு

இந்த மாதிரி மடக்குக் கத்தியில் பிடி என்பது ஒரே துண்டு இல்லை. இரண்டு பக்கமும் வெளியே ஜி10 தகடு, அதாவது கண்ணாடி இழையை எபாக்சியில் ஊறவைத்து அழுத்திச் செய்த பலகை. அதற்குள்ளே மெல்லிய எஃகுத் தகடு. இரண்டு எஃகுத் தகடுகளையும் எட்டி நிறுத்துவதற்கு நடுவில் சின்னச் சின்ன உருளைகள், ஸ்பேசர்கள். உருளையின் உள்ளே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மரை வெட்டியிருக்கும். இரு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு ஸ்குரூ வந்து அதில் ஏறும். அலகு சுழலும் அச்சுக்கு மட்டும் தனியாகப் பெரிய ஸ்குரூ.

என் கத்தியில் பிடியைப் பிடித்திருப்பவை பக்கத்துக்கு மூன்றாக ஆறு. ஒன்று தொலைந்தது. இன்னொன்றை நான் கெடுத்தேன்.

நான் செய்த தப்பு

மிச்சமிருந்த ஐந்தையும் இறுக்கிவைக்கலாம் என்று தோன்றியது. ஸ்குரூவின் தலையில் ஆறு இதழ் நட்சத்திரக் குழி. டார்க்ஸ் என்று பெயர், கடைகளில் ஸ்டார் பிட் என்பார்கள். 1967இல் அமெரிக்காவின் காம்கார் நிறுவனம் கொண்டுவந்த வடிவம். என் குழியின் அளவு டி6. நட்சத்திரத்தின் முனைக்கு முனை 1.7 மில்லிமீட்டர் சொச்சம்தான்.

வீட்டில் டி6 இல்லை. ஆனால் 1.5 மி.மீ ஆலன் கீ அதில் அழகாக உட்கார்ந்தது. உட்காரத்தான் செய்யும். 1.5 மி.மீ அறுகோணத்தின் மூலைக்கு மூலை தூரம் 1.73. நட்சத்திரத்தின் ஆறு முனையையும் அது தொடுகிறது, இதழ்களின் பக்கச்சுவரைப் பிடிப்பதில்லை. ஒரு திருப்பு. மெல்ல 'நறுக்' என்றது. குழி வட்டமாகிவிட்டது.

ஸ்குரூ ஏன் அசையவில்லை என்றால், தொழிற்சாலையிலேயே மரையில் பசை போட்டிருந்தார்கள். த்ரெட்லாக்கர் என்கிற இந்தப் பசை காற்றில் காயாது. காற்றுப் படாமல் உலோகத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டால்தான் இறுகும். அதைக் கையின் பலத்தால் எடுக்கப் பார்க்கக் கூடாது, சூட்டால் இளக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது.

ரப்பர் பேண்டைக் குழியில் வைத்து அழுத்தித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு சின்ன ஸ்குரூவில் அது சும்மா பொழுதுபோக்கு. தெருமுனையில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கத்தி போல் மெலிந்த ஓர் அரத்தால் ஸ்குரூவின் தலையில் குறுக்கே ஒரு பள்ளம் போட்டார். ஐந்து நிமிட வேலை. திருப்பிப் பார்த்தார், வரவில்லை.

"சூடு காட்டிட்டுத் திருப்புங்க தம்பி. பலம் போட்டா பள்ளமும் போயிடும்."

வீட்டுக்கு வந்து சால்டரிங் அயர்னின் முனையைத் தலையில் வைத்து நாற்பது எண்ணினேன். லேசாக ஒரு வாடை வந்தது. உடனே தட்டை ஸ்குரூடிரைவரைப் பள்ளத்தில் கொடுத்தேன், வெண்ணெயில் திருப்பியது போல் வந்துவிட்டது. இதற்கு மேல் சூடு காட்டினால் ஜி10 தகட்டின் எபாக்சி கருகும். அவசரப்பட்டுத் துளைபோட்டு எடுக்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஜி10 தூள் கண்ணாடித் தூள். முகக்கவசம் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

அளவு

டி6 பிட் ஒன்று வாங்கி, மற்ற நாலையும் அதே மாதிரி சூடு காட்டி எடுத்தேன். அச்சையும் கழற்றி, பாகம் பாகமாக ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பினேன். கெடாத ஸ்குரூ ஒன்றை வெர்னியரில் வைத்தேன்.

மரையின் வெளிவிட்டம் 2.13 மி.மீ. தலைக்குக் கீழே நீளம் 4.1 மி.மீ.

இந்த 2.13ஐப் பார்த்ததும் 'ஏதோ இரண்டு மில்லி ஸ்குரூ' என்று முடிவு கட்டினேன். இரண்டாவது தப்பு அது. வெளிமரை எப்போதும் பெயரளவைவிட, அதாவது ஸ்குரூவின் பெயரில் சொல்லும் விட்டத்தைவிட, ஒரு பொடி குறைவாகத்தான் அளவு காட்டும். எம்2, அதாவது மெட்ரிக் கணக்கில் இரண்டு மில்லி ஸ்குரூ என்றால் 2.00க்குக் கீழே, 1.95 போல் காட்ட வேண்டும். 2.13 காட்டுகிற ஸ்குரூவின் பெயரளவு 2.13க்கு மேலேதான் இருக்க முடியும்.

அடுத்தது இடைவெளி, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். அதற்கென்று உள்ள அளவுச் சீப்பு என்னிடம் இல்லை. எஃகு ஸ்கேலின் விளிம்பில் ஸ்குரூவைப் படுக்கவைத்து, போனில் நெருக்கமாகப் படம் எடுத்து, பெரிதாக்கி எண்ணினேன். எட்டு இடைவெளிக்கு 3.6 மி.மீக்குக் கொஞ்சம் மேலே. அப்படியென்றால் ஒன்றுக்கு 0.45.

எம்2இன் இடைவெளி 0.40, எட்டுக்கு 3.2தான் வரும். எனவே எம்2 இல்லை. எம்2.5இன் இடைவெளி 0.45, பொருந்துகிறது. ஆனால் அதன் விட்டம் 2.5, என்னுடையதைவிடத் தடி. விட்டம் ஒருவரையும் இடைவெளி இன்னொருவரையும் கைகாட்டினால் மெட்ரிக் குடும்பத்தில் தேடுவதையே நிறுத்திவிட வேண்டும். அமெரிக்கக் கத்தி, அங்குலக் கணக்கு.

அமெரிக்கச் சிறு ஸ்குரூக்களின் பெயர் 2-56, 4-40 என்று இரண்டு எண்ணாக இருக்கும். முதல் எண் தடிமனுக்கான வரிசை எண். அதை 0.013ஆல் பெருக்கி 0.060ஐக் கூட்டினால் அங்குலத்தில் விட்டம் வரும். இரண்டாவது எண், ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை என்பது. 2-56க்கு விட்டம் 0.086 அங்குலம், 2.18 மி.மீ. இடைவெளி 25.4ஐ 56ஆல் வகுத்தால் 0.4536. எட்டுக்கு 3.63. என் தட்டில் கிடந்தது அதுதான்.

கடைத்தெரு

பெயர் தெரிந்துவிட்டது, இனிக் கடையில் கேட்டு வாங்க வேண்டியதுதான் என்று நினைத்து ரிச்சி தெருவுக்குப் போனேன். போன், லேப்டாப் ஸ்குரூக்களின் கடல் அது. எம்2, எம்2.5, எம்3 படி கணக்கில் கிடைக்கும். 2-56 என்றதும் எல்லாக் கடையிலும் ஒரே பதில்: "மாடல் நம்பரா சார்?"

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவே தினமும் அமெரிக்க மரையைக் கையாள்கிறது. மேசைக் கணினியின் பெரிய ஹார்ட் டிஸ்கைப் பிடிக்கும் ஸ்குரூ 6-32. பழைய மானிட்டர் கேபிளில் இரண்டு பக்கமும் கையால் திருகுவோமே, அது 4-40. உங்கள் கத்தியின் அச்சு ஸ்குரூவோ கிளிப் ஸ்குரூவோ 4-40தானா என்று சந்தேகம் வந்தால், பழைய விஜிஏ கேபிள் ஒன்றின் ஸ்குரூ மரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவில்லாத அளவுகோல். 2-56க்கு மட்டும் கணினியில் அப்படி ஓர் உறவினர் எனக்குக் கிடைக்கவில்லை. ரேடியோவில் பறக்கும் மாதிரி விமானங்களில் 2-56 கம்பி உண்டு என்று படித்துவிட்டு அந்தக் கடைக்கும் போனேன். அவர்களிடம் இருந்ததும் எம்2.

வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் எம்2இல் ஒரு பொட்டலம், எம்2.5இல் ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். எம்2 ஸ்பேசருக்குள் கடகடவென்று போய், இழுத்தால் கையோடு வந்துவிட்டது. எம்2.5 வாயிலேயே நின்றுவிட்டது. இரண்டுமே நாணயமான ஸ்குரூ. தான் இல்லை என்பதைப் பட்டென்று சொல்லிவிட்டன.

பெரியவர் கொடுத்த எட்டு நம்பர்

பாரிமுனையில் ஒரு பழைய ஹார்டுவேர் கடை. கல்லாவில் எழுபது தாண்டிய பெரியவர். சாம்பிளை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது பி.ஏ. மரை தம்பி. எட்டு நம்பர். பழைய மீட்டர்ல, ஸ்விட்ச் போர்டுல எல்லாம் இதுதான் வரும். இப்ப யார் கேக்குறா?"

உள்ளே போய், துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். பித்தளை ஸ்குரூக்கள். வெர்னியரை வைத்தால் 2.14. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து ஸ்குரூவை எடுத்து, காசு வேண்டாம் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

பி.ஏ. என்பது பிரிட்டிஷ் அசோசியேஷன் மரை, 1884இல் வகுத்தது. கருவிகளுக்கும் மின்சாதனங்களுக்கும் ஏற்ற பொடி ஸ்குரூக்கள். அதன் கணக்கு அழகானது. பூஜ்ஜியம் நம்பரின் இடைவெளி 1 மி.மீ, ஒவ்வொரு நம்பருக்கும் முந்தியதில் பத்தில் ஒன்பது பங்கு. எட்டாவது நம்பருக்கு 0.43. விட்டம் 2.2.

வீட்டுக்கு வந்து ஸ்பேசரில் திருகினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, இரண்டரை. மென்மையாக ஏறி, அங்கே லேசாக இறுகியது. இறுகியதைக் கை 'பொருந்திவிட்டது' என்றே படித்தது. இன்னும் அரைச் சுற்று கொடுத்திருப்பேன். ஆனால் பிடித்தகடு நடுவில் இல்லாமல் வெறும் ஸ்பேசரில் போடும்போது இறுகுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? தலை எதிலும் முட்டவில்லை, அடியும் முட்டவில்லை. மரையும் மரையும்தான் முட்டிக்கொள்கின்றன.

மெதுவாகப் பின்னால் திருப்பி எடுத்தேன். பழைய ஸ்குரூவையும் பி.ஏ.வையும் மரை மேல் மரை பொருத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். முதல் மூன்று மரை ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியது. ஐந்தாவதில் நடுவே கீற்றாக வெளிச்சம். எட்டாவதில் முகட்டின் மேல் முகடு. எட்டு இடைவெளிக்கு 3.63க்கும் 3.44க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அரை மரை. போதாததற்கு மரையின் கோணமும் வேறு: அமெரிக்கனுக்கு 60 பாகை, பி.ஏ.வுக்கு 47.5.

இந்த நாலு மாதத்தில் நான் கற்றது ஒன்றுதான் என்றால் இந்த ஜன்னலோரத்தில் கற்றதுதான். ஏறவே ஏறாத ஸ்குரூவால் கத்திக்கு ஒரு கேடும் இல்லை. இரண்டரைச் சுற்று ஏறும் ஸ்குரூதான் ஆபத்து. ஸ்குரூ போனால் ஸ்குரூ வாங்கலாம். ஸ்பேசரின் மரை போனால் ஸ்பேசரையே கடைந்து எடுக்க வேண்டும். நல்லவேளையாக இது பித்தளை. எஃகாக இருந்திருந்தால் அந்த இரண்டரைச் சுற்றே உள்மரையைக் கடித்திருக்கும்.

லேத்துப் பட்டறை

அம்பத்தூரில் தெரிந்த ஒரு லேத்துப் பட்டறை. ஆறு ஸ்குரூ கடைந்து தர முடியுமா என்று கேட்டேன். பட்டறை அண்ணன் சிரித்தார். இரண்டு மில்லிக் கம்பியை லேத்தில் மரை வெட்டினால் வளைந்துவிடும், டை என்கிற வெளிமரை வெட்டும் கருவியைப் போட்டுத்தான் வெட்ட வேண்டும், அங்குல டை அவரிடம் இல்லை. லேத்திலேயே வெட்டுவதென்றாலும் மெட்ரிக் லேத்தில் அங்குல மரைக்கு 127 பல் சக்கரம் மாட்ட வேண்டும். அங்குலம் 25.4 மி.மீ, அதன் ஐந்து மடங்கு 127. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர் சொன்ன யோசனை வேறு.

"எதுக்கு அமெரிக்காவைத் தேடுறீங்க? உள்மரையையே எம்2.5 ஆக்கிடலாம். அதுவும் இதுவும் ஒரே இடைவெளிதானே, டேப் பழைய தடத்துலயே ஏறிக்கும்."

கெட்டிக்காரத்தனமான யோசனை. 0.4536க்கும் 0.45க்கும் உள்ள வித்தியாசம் ஐந்தாறு மரை நீளத்தில் கண்ணுக்கே தெரியாது. டேப், அதாவது உள்மரை வெட்டும் கருவி, அதே பள்ளத்தில் இறங்கி அகலப்படுத்திக்கொண்டு போகும். உலகத்தில் எந்த மூலையிலும் கிடைக்கும் ஸ்குரூவுக்குக் கத்தி மாறிவிடும். உங்கள் கத்தியில் உள்மரை ஏற்கெனவே அழிந்திருந்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம், வேலை ஸ்பேசரோடு நிற்காது. உள்தகட்டின் துளையைப் பெரிதாக்க வேண்டும், ஜி10 தகட்டில் தலை உட்காரும் குழியையும் அகலப்படுத்த வேண்டும். எல்லாம் திரும்பி வர முடியாத வேலை. மரை நன்றாக இருக்கும் ஆறு இடத்தை, இரண்டு ஸ்குரூ கிடைக்கவில்லை என்பதற்காக வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டறை அண்ணனுக்கு அது சித்தப்பா சென்டிமென்ட் என்று பட்டிருக்கலாம். பாதி உண்மைதான்.

இடைக்கால ஏற்பாடு

கத்தி சும்மா கிடக்க வேண்டாம் என்று அதிலிருந்தே திருடினேன். பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பை மூன்று ஸ்குரூ பிடித்திருந்தன. அளந்தால் அதே 2-56. வீட்டில் வேட்டி கட்டுகிறவனுக்குக் கிளிப் எதற்கு? கழற்றி இரண்டைப் பிடிக்குப் போட்டேன். ஏறின. ஆனால் கிளிப் ஸ்குரூவின் தலை அடியில் கூம்பு வடிவம். தட்டைக் குழியில் அதை இறுக்கினால் கூம்பு தகட்டின் விளிம்பைப் பிளக்கப் பார்க்கும். விரல் இறுக்கத்தோடு விட்டுவிட்டேன். கடைக்கு ஓடுவதற்கு முன் முதலில் கத்தியிலேயே தேடியிருக்க வேண்டும் என்பது பிறகு தோன்றியது.

வந்து சேர்ந்தது

கடைசியில் வழக்கமான தமிழ்க் குடும்பத் தீர்வுதான். அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகள் சித்திரையில் ஊருக்கு வந்தாள். கத்தி செய்பவர்களுக்கான பொருட்கள் விற்கும் இடத்தில் 2-56, டி6 தலை, 3/16 அங்குல நீளம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கூடவே 2-56 நட்டு இரண்டும். "சித்தப்பா, இதுக்கு டெலிவரி சார்ஜ்தான் அதிகம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு குட்டி உறையைக் கொடுத்தாள்.

3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. எனக்கு வேண்டியது 4.1. அந்த 0.66ஐ அலட்சியப்படுத்தியிருந்தால் இன்னொரு சிக்கல். ஸ்பேசரின் நீளம் 5 மி.மீ. எதிர்ப்பக்கத்துப் பழைய ஸ்குரூ அதற்குள் 2.2 மி.மீ வந்துவிட்டது. மிச்சம் 2.8. புதியதை அப்படியே போட்டால் 2.86 உள்ளே போகப் பார்க்கும், மயிரிழையில் எதிராளியோடு முட்டி நிற்கும். ஸ்குரூ இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும். பிடியோ ஆடிக்கொண்டிருக்கும்.

நட்டு வாங்கியது இதற்குத்தான். முதலில் நட்டைத் தலை வரை ஏற்றிவிட்டு, நுனியை அரத்தால் ராவி 4.1க்குக் கொண்டுவந்தேன். பிறகு நட்டைத் திருப்பிக் கழற்றும்போது, நுனியில் நசுங்கிய பிசிறை அதுவே சீவிக்கொண்டு வந்துவிடும். ராவிய ஸ்குரூவை நேராக ஸ்பேசரில் விட்டிருந்தால் அந்தப் பிசிறு உள்மரையைக் கீறியிருக்கும்.

பழைய பசைத் துணுக்குகளை அசிட்டோனில் நனைத்த ஈர்க்குச்சியால் துடைத்தேன். மாற்றுப் பசையாக த்ரெட்லாக்கரில் ஊதா நிற 222 வகை, குண்டூசி நுனியில் எடுத்த ஒரு துளி. நீலம் இன்னும் கொஞ்சம் கெட்டி. சிவப்பை இந்த அளவு ஸ்குரூவில் போடுகிறவர் அதைத் திரும்பக் கழற்றுவதாக இல்லை என்று அர்த்தம். ஆறையும் ஒரேயடியாக முடுக்காமல், கட்டில் சட்டத்துக்கு முடுக்குவது போல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அலகு நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே அச்சைக் கடைசியில். ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டு மறுநாள் மாங்காய் அறுத்தோம். ஆடவில்லை.

சமையலறைக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு

இதைக் கேட்டுவிட்டு நண்பர் ஒருவர் தன் காய்கறிக் கத்தியைக் கொண்டுவந்தார். அதில் இருப்பது ஸ்குரூ இல்லை, ரிவெட். தலை வட்டமாக மழமழவென்று, திருப்ப ஒரு குழியும் இல்லாமல் இருந்தால் அது கழற்றுவதற்கானது அல்ல. துளைபோட்டு எடுத்து, அதே விட்டத்தில் பித்தளைக் கம்பியைச் செருகி, அரால்டைட் வைத்து, இரண்டு முனையையும் சுத்தியலால் தட்டி விரித்து, மட்டமாக ராவிவிடலாம். ஒன்றுக்குள் ஒன்று மரையேறும் கார்பி போல்ட் என்று ஒன்றும் உண்டு. பட்டறையில் பித்தளைக் கம்பியே போதும் என்பார்கள், எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

உறையில் வந்தது பத்து ஸ்குரூ. இரண்டு கத்தியில், இரண்டு மருந்து டப்பாவில். பெரியவர் கொடுத்த பி.ஏ. ஸ்குரூக்களைத் திருப்பிக் கொடுக்கப் பாரிமுனைக்குப் போனபோது மீதி ஆறையும் கொண்டுபோனேன். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, "எட்டு நம்பர்தானே?" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் அவருடையதையும் இதையும் மரைக்கு மரை வைத்து, வாசல் வெளிச்சத்துக்கு எதிரே நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கல்லாவிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, ஆறையும் அதில் போட்டு, மூடியின் மேல் பேனாவால் எழுதினார்: 'அமெரிக்கா 2. பி.ஏ.வோடு கலக்காதே.'